முன் செலவும் பின் செலவும்: நம்ம ஹாக்கி அணியின் கணக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

போன வாரம் டீக்கடையில் ஒரு தம்பி என்னை மடக்கினார். "சார், நீங்க எப்பப் பார்த்தாலும் ஹாக்கி, ஹாக்கின்னு பேசுறீங்க. கையில காசே இல்லாத காலத்துல வரிசையா தங்கம் வாங்கினோம். காசு வந்த பிறகு கடைசி இடத்துக்குப் போனோம். அப்ப காசுதானே கெடுத்துச்சு?"

கேள்வி நன்றாகத்தான் இருந்தது. டீ ஆறியதுதான் மிச்சம், எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஐம்பது வருஷமாக இந்த அணியைப் பின்தொடர்கிறவன் நான். கோவில்பட்டிப் பக்கத்துக்காரனுக்கு ஹாக்கிப் பைத்தியம் இருப்பது அதிசயம் இல்லை. அந்தத் தம்பிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு விஷயத்தைத் திருத்த வேண்டும். அந்தக் காலத்தில் காசு இல்லாமல் தங்கம் வரவில்லை. காசுக்கு அலைந்து, கடன்பட்டு, கப்பலேறித்தான் தங்கம் வந்தது.

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு முதன்முதலாக நம் அணி கிளம்பியது. பம்பாயில் கப்பலேற வேண்டிய ஆட்டக்காரர்கள் 13 பேர். ஆனால் 11 பேருக்குத்தான் பணம் இருந்தது. சௌகத் அலி, நாரிஸ் என்ற இரண்டு பேரை விட்டுவிட்டுப் போகிற நிலை. கடைசி நேரத்தில் வங்காளத்திலிருந்து உதவி வந்தது, இருவரும் கப்பலேறினார்கள். வழியனுப்பத் துறைமுகத்துக்கு வந்தவர்கள் மொத்தமே மூன்று பேர் என்பார்கள். அந்த அணிதான் 29 கோல் போட்டு, ஒரு கோல்கூட வாங்காமல் தங்கத்தோடு திரும்பியது. அதில் 14 கோல் தியான் சந்த் போட்டது. திரும்பி வந்தபோது துறைமுகத்தில் நிற்க இடமில்லை.

போகும்போது மூன்று பேர், வரும்போது பெருங்கூட்டம். இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஹாக்கியின் கதை முழுக்க இதற்குள் அடங்கிவிடும்.

1932-ல் லாஸ் ஏஞ்சலிஸ். உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம். ஹாக்கிக்கு வந்த அணிகளே மூன்றுதான். நம் ஆட்கள் கடன் வாங்கிப் பயணப்பட்டார்கள். போகிற வழியில் கொழும்பில் ஆடினார்கள், திரும்பும் வழியில் ஐரோப்பாவில் ஊர் ஊராக ஆடினார்கள். அந்த ஆட்டங்களின் வசூலில்தான் செலவைச் சரிக்கட்டினார்கள். அமெரிக்காவை 24-1 என்று ஜெயித்தது அந்தப் பயணத்தில்தான்.

1936 பெர்லின் கதை இன்னும் சுவாரசியம். போய் இறங்கியதும் ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 1-4 என்று தோற்றார்கள். தியான் சந்துக்குத் தூக்கம் போய்விட்டது. முன்வரிசையில் ஓர் ஆள் குறைகிறது, தாராவை அனுப்புங்கள் என்று ஊருக்குச் செய்தி போனது. அந்தக் காலத்தில் விமானத்தில் ஆள் அனுப்புவது சின்னச் செலவா? ஆனாலும் அனுப்பினார்கள். அரையிறுதிக்கு முன் தாரா வந்து சேர்ந்தார். இறுதி ஆட்டத்தில் அதே ஜெர்மனியை 8-1 என்று அடித்தார்கள். அது நடந்தது ஆகஸ்ட் 15. பதினோரு வருஷம் கழித்து அந்தத் தேதிக்கு வேறொரு பெருமையும் வந்து சேர்ந்தது.

இந்த மூன்று கதையிலும் பொதுவாக என்ன இருக்கிறது? பணம் கொஞ்சம்தான். ஆனால் அது போட்டிக்கு முன்னால் செலவானது. கப்பல் டிக்கெட்டுக்கும், 12-வது 13-வது ஆளுக்கும், அவசரத்துக்கு ஓர் ஆளை வரவழைக்கவும் போனது. இதை நான் 'முன் செலவு' என்று சொல்கிறேன். ஜெயித்து வந்த பிறகு மாலை, மேடை, காசோலை என்று செய்வது 'பின் செலவு'. பின் செலவு தப்பு என்று சொல்ல வரவில்லை. வீட்டில் பிள்ளை பாஸானால் இனிப்பு வாங்கத்தானே செய்கிறோம்! ஆனால் பாடப் புத்தகமே வாங்கித் தராமல் இனிப்புக்கு மட்டும் பணம் எடுத்து வைக்கிற வீட்டை என்ன சொல்வது?

முன் செலவின் அருமையை என் கண்முன்னே காட்டியது, அதாவது காதுமுன்னே காட்டியது, 1975 உலகக் கோப்பை. எனக்கு அப்போது பதினைந்து வயது. கோலாலம்பூரில் ஆட்டம். டீக்கடை ரேடியோவில் வர்ணனை. இந்தி எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் 'கோல்' என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

அந்தச் சமயத்தில் ஹாக்கி சம்மேளனத்துக்குள் ஏகப்பட்ட தகராறு. அணிக்கு முகாம் நடக்குமா என்பதே சந்தேகம். பஞ்சாப் மாநில அரசு பொறுப்பெடுத்துக்கொண்டு சண்டிகரில் முகாம் நடத்திக் கொடுத்தது. மூத்த பல்பீர் சிங் ஆட்டக்காரர்களோடு இருந்து கவனித்துக்கொண்டார். அரையிறுதியில் மலேசியாவிடம் 1-2 என்று பின்தங்கி, ஆட்டம் முடிய சில நிமிஷங்களே இருந்தன. அப்போது பெஞ்சிலிருந்து அஸ்லம் ஷேர் கான் என்ற இளைஞரை இறக்கினார்கள். பெனால்டி கார்னர் கிடைத்தது. அஸ்லம் அடித்தார், சமன். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் போட்ட கோலில் 3-2. இறுதியில் பாகிஸ்தானை 2-1 என்று வென்றோம். தியான் சந்தின் மகன் அசோக் குமார்தான் வெற்றி கோல் போட்டார். அந்த அணியில் சென்னையின் வி.ஜே. பிலிப்ஸும் இருந்தார் என்பது நமக்குக் கூடுதல் சந்தோஷம்.

நாம் எல்லாரும் அசோக் குமார் பெயரைச் சொல்வோம். நான் அஸ்லம் பெயரைச் சொல்வேன். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கும் முகாமில் அதே சாப்பாடு, அதே பயிற்சி கிடைத்திருந்தால்தான் கடைசி ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டதும் அவன் கை நடுங்காது.

அடுத்த வருஷமே அடி விழுந்தது. 1976 மான்ட்ரியல். ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரைக்கு மாறியது. ஆஸ்திரேலியாவிடம் 1-6. மொத்தத்தில் ஏழாவது இடம். உலகக் கோப்பையைக் கையில் வைத்திருந்த அணி, ஒலிம்பிக்கில் முதல் தடவையாகப் பதக்கம் இல்லாமல் திரும்பியது.

இந்தத் தரை விவகாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். புல்தரையில் பந்து துள்ளும், திரும்பும், மேடு பள்ளத்தில் ஏமாற்றும். அதை ஸ்டிக்கில் ஒட்டவைத்து வளைத்து வளைத்துக் கொண்டுபோவதுதான் நம் ஆட்களின் வித்தை. செயற்கைத் தரையில் பந்து நூல் பிடித்த மாதிரி நேராக, வேகமாக ஓடும். அங்கே வித்தையை விட ஓட்டமும் மூச்சும் முக்கியம். அந்தத் தரை போட அப்போதே பெரும் பணம் வேண்டும், பராமரிக்கத் தண்ணீர் வேண்டும். ஹாலந்தும் ஜெர்மனியும் ஆஸ்திரேலியாவும் கிளப்புகளில் டர்ஃப் போட்டுப் பிள்ளைகளை அதிலேயே வளர்த்தன. நம் பிள்ளைகள் மண்ணில் வளர்ந்து, முகாமுக்குப் போன பிறகுதான் டர்ஃபைக் கண்ணால் பார்த்தார்கள். 1982-ல் உலகக் கோப்பையைப் பம்பாயில் நாமே நடத்தினோம். அதையும் புல்தரையில்தான் நடத்தினோம். ஐந்தாவது இடம்.

1992-ல் இன்னொரு மாற்றம். எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று விதி வந்தது. இது ரசிகர்கள் அதிகம் கவனிக்காத விஷயம். அதற்கு முன் 11 நல்ல ஆட்கள் இருந்தால் ஒப்பேற்றலாம். அதற்குப் பிறகு பட்டியலில் இருக்கிற 16 பேரும் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருக்க வேண்டும். சில நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு ஒருவன் வெளியே வருவான், இன்னொருவன் உள்ளே போவான். பெஞ்ச் என்பது காத்திருக்கிற இடம் இல்லை, அணியின் பாதி உயிர் என்று ஆகிவிட்டது. நாமோ 'அந்த ஒருத்தன் இருக்கான்ல, போதும்' என்ற பழைய மனசோடு இருந்தோம்.

இடையில் 1980 மாஸ்கோ தங்கம். நம் பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4-3 என்று வென்றது. நானும் அன்று துள்ளிக் குதித்தவன்தான். ஆனால் பல நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக் அது, ஹாக்கியில் ஆறு அணிகள்தான். அந்தத் தங்கத்தின் பளபளப்பில் உள்ளே இருந்த நோய் தெரியாமல் போய்விட்டது. இரண்டே வருஷத்தில் தெரிந்தது.

1982 டெல்லி ஆசியப் போட்டி. இறுதி ஆட்டம். பாகிஸ்தானிடம் 1-7.

அந்த இரவைப் பற்றிப் பேசவே எங்கள் தலைமுறைக்குப் பிடிக்காது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய அசிங்கம். தோல்விக்கு ஒரு தலை தேவைப்பட்டது. கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நேகி தலை கிடைத்தது. விலைபோய்விட்டான் என்று ஊர் பேசியது. முன்வரிசையும் பின்வரிசையும் தடுமாறிய ஆட்டத்துக்கு ஒரே ஒரு ஆள் பழி சுமந்தார். அணியில் என்ன கோளாறு, பயிற்சியில் என்ன கோளாறு என்று கணக்குப் பார்க்கிற வேலை மிச்சமாகிவிட்டது. 1986 லண்டன் உலகக் கோப்பையில் 12 அணிகளில் நாம் 12-வது. பாகிஸ்தான் 11-வது.

அதே நேகி 1998-ல் பாங்காக் ஆசியப் போட்டிக்குக் கோல்கீப்பர்களின் பயிற்சியாளராகப் போனார். 32 வருஷத்துக்குப் பிறகு ஆசியத் தங்கம். கேப்டன் தன்ராஜ் பிள்ளை. புனே பக்கம் கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். இனி ஏறுமுகம்தான் என்று நான் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த தொடருக்கு அணிப் பட்டியல் வந்தது. தன்ராஜ் இல்லை. இன்னும் சில மூத்த ஆட்டக்காரர்கள் இல்லை. பயிற்சியாளர் கௌசிக்கும் இல்லை. 'ஓய்வு கொடுத்திருக்கிறோம்' என்பது அதிகாரபூர்வமான விளக்கம். தரவேண்டிய படிப்பணத்தைக் கேட்டு வாய் திறந்ததற்குத் தண்டனை என்றுதான் நாடு முழுக்கப் பேசினார்கள். தங்கம் வாங்கிய அணியை, தங்கத்தின் சூடு ஆறுவதற்குள் நாமே கலைத்தோம். தினப்படி, பயணப்படி பாக்கிக்கு அலுவலகப் படியேறிய அனுபவம் எந்த வாத்தியாருக்கும் உண்டு. கேட்டால் முறைப்பார்கள். ஆனால் கேட்டதற்காக வகுப்பை விட்டே அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

2000 சிட்னியில் போலந்தோடு ஜெயித்தால் அரையிறுதி. முன்னிலையில் இருந்தோம். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ஒரு கோல் வாங்கி 1-1. வெளியே. 2002 உலகக் கோப்பையில் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே பயிற்சியாளரை மாற்றினார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்னால் மறுபடி பயிற்சியாளர் மாற்றம். பரீட்சைக்கு முந்தின வாரம் வாத்தியாரை மாற்றினால் பிள்ளை என்ன எழுதும்? ஏழாவது இடம்.

அந்த வருஷங்களில் அணிப் பட்டியலின் பெரிய ஓட்டை பெனால்டி கார்னர். ஹாக்கியில் நிறைய கோல் அதில்தான் வரும். நம்மிடம் டிராக் ஃப்ளிக் அடிக்க ஜுக்ராஜ் சிங் இருந்தார். 2003-ல் கார் விபத்தில் படுகாயம் அடைந்தார். அவருக்கு அடுத்த ஆள் தயாராக இல்லை. சின்னப் பையன் சந்தீப் சிங்கைக் கொண்டுவந்து ஏதென்ஸில் நிறுத்தினார்கள். 2006 உலகக் கோப்பைக்குச் சில நாள் முன்னால் ரயிலில் தவறுதலாக வெடித்த துப்பாக்கிக் குண்டு சந்தீப் மேல் பாய்ந்தது. உலகக் கோப்பையில் 11-வது இடம். இரண்டும் விபத்து, யார் மேலும் குற்றம் இல்லை. ஆனால் மூன்று வருஷத்தில் இரண்டு தடவை ஒரே ஆளை நம்பித் தவித்தோம் என்பது விபத்து இல்லை. இரண்டாவது ஆளுக்குச் செலவு செய்யாத பழக்கம் அது.

இப்போது 2007-க்கு வருகிறேன். அந்த வருஷத்தை நான் மறக்கமாட்டேன். செப்டம்பரில் சென்னை எழும்பூர் மைதானத்தில் ஆசியக் கோப்பை. இறுதியில் தென் கொரியாவை 7-2 என்று நொறுக்கினோம். அரங்கம் அதிர்ந்தது. அதே மாதக் கடைசியில் தென் ஆப்பிரிக்காவில் இருபது ஓவர் கிரிக்கெட் உலகக் கோப்பையை நம் அணி வென்றது. ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்த யுவராஜுக்கு மட்டும் கிரிக்கெட் வாரியம் 1 கோடி அறிவித்தது. மாநில அரசுகள் போட்டி போட்டுப் பரிசு அறிவித்தன. எங்களைக் கண்டுகொள்ளவே இல்லையே என்று கர்நாடகத்தைச் சேர்ந்த ஹாக்கி ஆட்டக்காரர்கள் உண்ணாவிரதம் இருக்கப்போவதாகச் சொன்னார்கள்.

அன்று எனக்கும் கோபம் வந்தது. கிரிக்கெட்காரர்கள் மேல் வந்த கோபம். இப்போது யோசித்தால் அது தப்பான இடத்தில் பட்ட கோபம். கிரிக்கெட் வாரியம் தன் காசைத் தன் ஆட்களுக்குக் கொடுத்தது. ஹாக்கிக்காரர்கள் பரிசுக்கு ஏங்கியதன் காரணம் வேறு. பரிசு வந்தால்தான் அவர்களுக்குக் காசு. மாதச் சம்பளம் மாதிரி நிச்சயமாக வருகிற எதுவும் ஹாக்கியிலிருந்து இல்லை. ரயில்வேயிலோ போலீசிலோ வங்கியிலோ கிடைத்த வேலைதான் சோறு போட்டது. முன் செலவு இல்லாத இடத்தில் பின் செலவுக்குச் சண்டை வரத்தான் செய்யும்.

ஆறே மாதம். 2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2. பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதியே பெறவில்லை. 1928-லிருந்து 80 வருஷத்தில் இந்திய ஹாக்கி இல்லாத முதல் ஒலிம்பிக். அடுத்த மாதம் அணித் தேர்வுக்கு லஞ்சம் என்று ஒரு டி.வி. ரகசிய கேமராவில் காட்சி வெளியானது. சம்மேளனமே இடைநீக்கம் செய்யப்பட்டது. பட்டியலும் பணமும் எவ்வளவு நெருங்கியவை என்பதை இதைவிட அசிங்கமாக யாரும் விளக்கியிருக்க முடியாது.

புதிய அமைப்பு வந்தது. 2010-ல் டெல்லியில் உலகக் கோப்பை. அரங்கத்துக்கும் விழாவுக்கும் குறை இல்லை. போட்டிக்குச் சில வாரங்கள் முன்னால், ஜனவரியில், புனே முகாமில் ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு வரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். காரணம், வரவேண்டிய பணம் வரவில்லை. தலைக்கு 25,000 தருகிறோம் என்றார்கள், மறுத்துவிட்டார்கள். பிறகு சமாதானம் ஆனது. ஆனால் உலகக் கோப்பைக்கு முன் ஸ்டிக் பிடிக்க வேண்டிய கை மனு எழுதிக்கொண்டிருந்தது. எட்டாவது இடம்.

2012 லண்டன். ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி. ஹாலந்து, நியூசிலாந்து, ஜெர்மனி, தென் கொரியா, பெல்ஜியம், கடைசியில் தென் ஆப்பிரிக்கா. 12 அணிகளில் 12-வது. அந்த வருஷம் நாட்டில் இரண்டு சங்கங்களுக்கு இடையே சண்டை. ஒரு தரப்பின் லீக்கில் ஆடினால் மறு தரப்பின் பட்டியலில் இடம் சந்தேகம். 'உழுகிற நேரத்தில் ஊருக்குப் போய்விட்டு அறுக்கிற நேரத்தில் அரிவாளோடு வந்தானாம்' என்பார்கள். நம் சங்கங்கள் இரண்டும் அரிவாளோடுதான் நின்றன. வயலில் கதிர் இல்லை.

இங்கிருந்து எப்படி மேலே வந்தோம்? அந்தத் தம்பிக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

2013-ல் ஹாக்கி இந்தியா லீக் தொடங்கியது. ஏலத்தில் சர்தார் சிங்குக்கு 78,000 டாலர். எல்லாரும் அந்த எண்ணைத்தான் பேசினார்கள். நான் பார்த்தது வேறு. இருபது வயதுப் பையன்கள் உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்தார்கள், ஒரே பெஞ்சில் காத்திருந்தார்கள். 2016-ல் லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பையை வென்றோம். பெல்ஜியத்துக்கு எதிரான அந்த இறுதி ஆட்டத்தில் கோல் போட்ட இருவரில் ஒருவர் சிம்ரன்ஜீத் சிங். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

2018-ல் ஒடிசா அரசு தேசிய அணிகளுக்கு ஆதரவாளராக வந்தது. ஐந்து வருஷத்துக்கு நூறு கோடிக்கு மேல். ஒரு மாநில அரசு தேசிய அணியின் சட்டையில் தன் பெயரைப் போடுவது அதுவரை கேள்விப்படாதது. அதே வருஷம் மத்திய அரசின் ஒலிம்பிக் திட்டத்தில் ஆண்கள் அணியினருக்கு மாதம் 50,000 உதவித்தொகை வந்தது. 1 கோடியோடு ஒப்பிட்டால் 50,000 சின்னத் தொகை. ஆனால் அது ஜெயித்தால் வருகிற பணம் இல்லை. மாதா மாதம் வருகிற பணம். முன் செலவு.

பிறகு டோக்கியோ, 2021. இரண்டாவது ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 1-7.

ஆமாம், அதே 1-7. ஸ்கோரைப் பார்த்ததும் எனக்கு 1982 வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. இனி யார் தலை உருளப்போகிறதோ என்று பயந்தேன். யார் தலையும் உருளவில்லை. அதே பயிற்சியாளர், அதே ஆட்டக்காரர்கள், அதே கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ். அடுத்த ஆட்டத்தில் எழுந்து நின்றார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 1-3 என்று பின்தங்கி, 5-4 என்று வென்றார்கள். முடிய சில விநாடிகள் இருக்கையில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரைத் தடுத்தது ஸ்ரீஜேஷ். 41 வருஷத்துக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம்.

அந்த ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டவர் சிம்ரன்ஜீத் சிங். அவர் முதலில் அறிவித்த 16 பேர் பட்டியலிலேயே இல்லை. கொரோனா காரணமாக மாற்று ஆட்டக்காரர்களையும் ஆடவைக்கலாம் என்று விதியைத் தளர்த்தியதால் உள்ளே வந்தவர். 1928-ல் கப்பலில் விட்டுவிட்டுப் போக இருந்த இருவர், 1936-ல் விமானத்தில் வந்த தாரா, 1975-ல் பெஞ்சிலிருந்து எழுந்த அஸ்லம், 2021-ல் சிம்ரன்ஜீத். அணியின் பலம் பட்டியலின் தலைப்பில் இல்லை, வாலில் இருக்கிறது.

2024 பாரிஸில் ஸ்பெயினை 2-1 என்று வென்று மறுபடி வெண்கலம். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நடுவில் 2023-ல் ரூர்கேலாவில் 20,000 பேர் உட்காரும் அரங்கம் கட்டி உலகக் கோப்பை நடத்தினோம். ஹர்திக் சிங் காயத்தில் வெளியேறினார், அணி தடுமாறியது, காலிறுதிக்கே போகவில்லை. அரங்கம் கோல் போடாது. புதிதாகத் தொடங்கிய லீக்கில் ஹர்மன்பிரீத் 78 லட்சத்துக்குப் போனதைப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. ஒவ்வொரு அணியும் 24 பேரில் நான்கு ஜூனியர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்ற விதி உள்பக்கத்தில் வந்தது. எனக்கு அந்த உள்பக்கச் செய்திதான் பெரிதாகப் பட்டது.

ஆக, தம்பி, காசு கெடுக்கவில்லை. காசு வந்த நேரமும் போன இடமும்தான் கெடுத்தன.

கடைசியாக ஒரு பசுவின் கதை. ஸ்ரீஜேஷ் கேரளத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பையன். விளையாட்டுப் பள்ளியில் கோல்கீப்பர் ஆனதும் பேட், ஹெல்மெட் எல்லாம் வேண்டும். ஹாக்கியில் விலை கூடிய சாமான் அதுதான். அவர் அப்பா வீட்டுப் பசுவை விற்று வாங்கிக் கொடுத்தார். இதை ஸ்ரீஜேஷே பல தடவை சொல்லியிருக்கிறார். டோக்கியோவிலிருந்து திரும்பியதும் கேரள அரசு 2 கோடி அறிவித்தது. தகுந்த மரியாதைதான். ஆனால் அந்தப் பதக்கத்துக்கு முதல் செலவு செய்தது அந்தப் பசு. விற்கப் பசு இல்லாத வீடுகளில் எத்தனை ஸ்ரீஜேஷ்கள் இருந்தார்களோ!

ஒருவனை எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பையன். கரிசல் மண் மைதானம், மழை பெய்தால் உழவு நிலம். அணிக்கு ஐந்து ஸ்டிக், மாற்றி மாற்றித்தான் பயிற்சி. இவன் யாரோ கொடுத்த பழைய கிரிக்கெட் பேடைக் கட்டிக்கொண்டு கோலில் நிற்பான். பந்து பட்டுக் கால் கன்னிப்போய் இருக்கும், சொல்லமாட்டான். அந்த வருஷம் வட்டாரப் போட்டியில் எங்கள் பிள்ளைகள் ஜெயித்தார்கள். நானே முன்னால் நின்று வசூல் செய்தேன். பந்தல், மைக் செட், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஷீல்டு, வந்தவர்களுக்குப் பொன்னாடை. பிரமாதமான விழா. வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள்.

அடுத்த வருஷம் அவன் காலில் எலும்பு விரிசல் விட்டது. அவன் அம்மா வந்து, "இனி விளையாட்டு வேண்டாம் சார்" என்றார். எட்டாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டான். பந்தலுக்கும் பொன்னாடைக்கும் கொடுத்த காசில் ஒரு ஜோடி ஹாக்கி பேட் வந்திருக்கும். சங்கங்களைத் திட்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் கணக்கு ஞாபகம் வரும். இன்றும் எப்போதாவது பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், "சார், இந்தியா மேட்ச் பாத்தீங்களா?" என்று அவன்தான் முதலில் கேட்பான்.

இப்போது காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. கோவில்பட்டியில் டர்ஃப் இருக்கிறது. அங்கே விடுதியில் வளர்ந்த மாரீஸ்வரனும், அரியலூர் கார்த்தியும் இந்தியச் சட்டை போட்டுவிட்டார்கள். ஜூனியர் உலகக் கோப்பை சென்னைக்கும் மதுரைக்கும் வந்தது. சந்தோஷம். ஆனால் டர்ஃப் வரை வந்து சேருகிற பிள்ளை எங்கோ ஒரு மண் மைதானத்தில்தான் தொடங்குகிறான்.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் சிலர் வருஷா வருஷம் கேட்பார்கள். "சார், பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யணும், கோப்பை வாங்கித் தரட்டுமா?" இனி அவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். கோப்பை வேண்டாம்ப்பா. கோல்கீப்பர் பேட் வாங்கிக் கொடு. ஒரு ஜோடி போதும். மாற்றுக் கோல்கீப்பருக்கும் ஒரு ஜோடி கொடுத்தால் இன்னும் நல்லது.

உங்கள் ஊர் மைதானத்தில் இப்போது கோலில் நிற்கிற பிள்ளை காலில் என்ன கட்டியிருக்கிறான் என்று ஒருநாள் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

அன்புடன்.